பழைய அலுமாரியும் புதிய பீடமும்



எமது வீடுகளின் பின் விறாந்தையில், கால் முறிந்த கதிரையும் முதுகுப் பலகையைக் கறையான் தின்ற அலுமாரியும் ஒதுங்கிக் கிடப்பதைக் காணாதவர் யார்? ஒரு மாரி அவற்றை நனைக்கும். மறு மாரி உக்க வைக்கும். பின்னர் ஒருநாள் அவை அடுப்புக்குப் போய்விடும். அதே வீட்டின் முன் அறையிலோ, தவணைப் பணம் கட்டுவதாக ஒப்பமிட்டு எடுத்த புது அலுமாரி வந்து நிற்கும். மரத்தூளைப் பசையோடு அமுக்கிச் செய்த பலகை அது. ஈரம் பட்டால் தண்ணீரில் விழுந்த பாண் போல ஊதிவிடும். கடன் தீருமுன் கதவு கழன்றுவிடும். கலியாண வீடுகளில் ஊர் பார்க்கவென்று இப்படித் தளபாடம் வாங்கி, ஆண்டுக்கணக்காக வட்டி கட்டும் தகப்பன்மார் எத்தனை பேர்!

பழையதை வாங்குவதும் திருத்துவதும் ஏழ்மையின் அடையாளம் என்று வெட்கப்படுகிறோம். கதிரை, மேசை, அலுமாரி, வாங்கு என்னும் சொற்களே போர்த்துக்கேயரிடமிருந்து எமக்கு வந்தவையன்றோ? லாச்சி என்பது ஒல்லாந்தர் விட்டுச் சென்றது. பிறர் பாவித்த சொற்களைக் கூச்சமின்றி எமதாக்கிக் கொண்ட நாம், பிறர் பாவித்த பலகைக்கு மட்டும் முகம் சுளிப்பது ஏன்?

ஐயாயிரம் பேருக்கு அப்பம் பகிர்ந்த ஆண்டவர், எஞ்சிய துண்டுகளைப் பொறுக்கிச் சேர்க்கும்படி சீடர்களுக்குக் கட்டளையிட்டார் என்று யோவான் நற்செய்தி கூறுகிறது. நினைத்தபோது அப்பத்தைப் பெருக்க வல்லவர், துண்டுகளை வீசிவிடச் சம்மதிக்கவில்லை. மறைந்த பாப்பரசர் பிரான்சிஸ் 2015ஆம் ஆண்டு வெளியிட்ட சுற்றுமடலிலும், ஒரு பொருளை எறிந்துவிடாமல் மீண்டும் பயன்படுத்துவது நல்ல நோக்கத்தோடு செய்யப்பட்டால் அது அன்புச் செயலாகலாம் என்று போதித்தார்.

ஆகவே பின் விறாந்தைக்குப் போய் அந்த அலுமாரியை ஒருமுறை நன்றாகப் பாருங்கள். முதுகும் கால்களும் போயிருக்கலாம். ஆனால் அது தேக்கோ முதிரையோ ஆனால், கதவுகளும் பக்கப் பலகைகளும் பெரும்பாலும் உறுதியாகவே இருக்கும். விரலால் தட்டிப் பாருங்கள். உளுத்த இடம் பொத்தென்று ஒலிக்கும். சிறு துளைகளிலிருந்து புதிய மாத்தூள் கொட்டினால் வண்டு இன்னும் உயிரோடிருக்கிறது என்று அறிந்து, அந்தப் பகுதியை அறுத்து அகற்றிவிட வேண்டும். இரக்கப்பட்டு விட்டுவைத்தால் நல்ல பலகையையும் அது தின்றுவிடும். பழைய பெயின்றில் ஈயம் கலந்திருக்கக்கூடும். ஆதலால் அதை உலர்வாகத் தேய்த்துத் தூசி கிளப்பாமல், நனைத்துத் தேய்ப்பதும் பிள்ளைகளை அப்பால் அனுப்புவதும் நல்லது. ஆணிகளை ஒன்று விடாமல் பிடுங்கிய பின்னரே சீவுளியை வையுங்கள்.

இன்னுமொன்று. அக்காலத்துத் தச்சர் பலர் பொருத்துகளை ஒட்டியது மிருகங்களின் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுத்த பசையால். வெந்நீரில் நனைத்த துணியைச் சற்றுநேரம் சுற்றி வைத்தால் அது இளகிவிடும். பலகை நோகாமல் கழன்றுவரும். சுத்தியலால் அடித்துப் பிளக்கத் தேவையில்லை. என்றோ ஒருநாள் இன்னொருவர் கழற்றித் திருத்தக்கூடிய விதமாக அந்தப் பொருள் செய்யப்பட்டிருக்கிறது. அதன் கதவில் பிள்ளைக்குப் படிப்பு மேசை செய்யலாம். பக்கப் பலகையிலும் தட்டிலும், சுரூபம் வைத்து மாலையில் செபமாலை சொல்ல ஒரு சிறு பீடம் செய்யலாம். தச்சருக்குக் கொடுக்கும் கூலி, கடைக்குக் கட்டும் வட்டியைவிடப் புண்ணியமானது என்பது எனது எண்ணம்.

எமது ஆண்டவரும் தச்சரே. அவர் கலப்பைகளும் நுகங்களும் செய்தார் என்று 2ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த புனித யுஸ்தீன் எழுதி வைத்திருக்கிறார். முறிந்த நுகத்தைத் தோளில் சுமந்து நாசரேத்தின் அந்தப் பட்டறைக்கு வந்த உழவரும் இருந்திருப்பர் என்று எண்ணத் தோன்றுகிறது. எரேமியா இறைவாக்கினர் குயவன் வீட்டில் கண்டதும் இதுவே. கையில் கெட்டுப்போன மண்ணைக் குயவன் வீசவில்லை. அதே மண்ணை வேறொரு பாத்திரமாக வனைந்தான்.

2013ஆம் ஆண்டு யூலை 8ஆம் நாள் பாப்பரசர் பிரான்சிஸ் இத்தாலியின் லம்பெடூசாத் தீவில் திருப்பலி நிறைவேற்றினார். ஆபிரிக்கக் கரையிலிருந்து அகதிகள் படகேறி வரும் தீவு அது. வழியில் கடலில் மாண்டோர் ஏராளம். அன்று பீடமாக நின்றது ஒரு சிறு படகு. உடைந்த அகதிப் படகுகளின் மரத்தில் கிண்ணம் கடையப்பட்டிருந்தது. அவ்வாண்டு ஒக்டோபரில் அங்கு மூழ்கிய ஒரு படகின் பலகையில் அத்தீவின் தச்சர் ஒருவர் செய்த சிலுவை, 2015ஆம் ஆண்டு முதல் இலண்டன் பிரித்தானிய நூதனசாலையில் இருக்கிறது. படகின் நீல நிறப் பூச்சை அவர் முற்றாகச் சுரண்டிவிடவில்லை. அம்மரம் யாரைச் சுமந்து வந்தது என்பதை அது சொல்ல வேண்டுமல்லவா?

எமது வீட்டுப் பலகையும் அப்படியொன்றைச் சொல்லக்கூடும். 1990ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் நாள், யாழ்ப்பாணத்து முஸ்லிம் மக்கள் விடுதலைப் புலிகளால் சில மணி நேர அவகாசத்தில் வெளியேற்றப்பட்டனர். அவர்களுடைய கட்டிலும் அலுமாரியும் அங்கேயே நின்றன. சரியாக ஐந்து ஆண்டுகளின் பின், 1995ஆம் ஆண்டு அதே நாளில், வலிகாமத்து மக்கள் தம் வீடுகளை விட்டுத் தென்மராட்சிக்கு நடந்தனர். திரும்பி வந்தபோது பலருக்குக் கதவு நிலைகூட மிஞ்சவில்லை. அப்பொருட்கள் எல்லாம் நெருப்பில் எரியவில்லை, வாசகர்களே. அவற்றில் எத்தனையோ கைமாறின, விலைபோயின, இன்றும் வீடுகளில் நிற்கின்றன.

அறியாமல் வாங்கியவர் மீது குற்றமில்லை. அறிந்த பின்னும் வைத்திருப்பவர் சக்கேயுவைப் பார்க்கட்டும். ஆண்டவர் தன் வீட்டுக்கு வந்த அன்றே அவர் பேசியது திருப்பிக் கொடுப்பதைப் பற்றி. அதுவும் நான்கு மடங்காக. முப்பது வருடமாயிற்றே என்பது மறுமொழியாகாது. உரியவரைத் தேட வழியுண்டு. ஊரின் முதியோரைக் கேட்கலாம். திரும்பி வந்து குடியேறிய முஸ்லிம் மக்களிடம், பள்ளிவாசலில் விசாரிக்கலாம். எவ்வளவு தேடியும் கிடைக்காவிடில், அதன் பெறுமதியை ஏழைகளுக்குக் கொடுக்க வேண்டும் என்பதே திருச்சபையின் பழைய போதனை. காணிக்கையோடு பீடத்தண்டை வருபவன், சகோதரனுக்குத் தன்மேல் மனத்தாங்கல் உண்டென்று நினைவுற்றால், காணிக்கையை அங்கேயே விட்டுப் போய் முதலில் ஒப்புரவாக வேண்டும் என்றார் ஆண்டவர். அந்தப் பீடமே சகோதரனின் பலகையில் செய்யப்பட்டிருந்தால்?

லாச்சியை இழுத்துக் கவிழ்த்துப் பாருங்கள். அதன் அடியிலோ கதவின் உட்புறத்திலோ ஒரு பெயர், ஓர் ஆண்டு, பிள்ளையின் கைக் கிறுக்கல் ஏதும் இருக்கலாம். இருந்தால் அரத்தாளைக் கீழே வைத்துவிட்டு, அந்தப் பெயருக்குரியவரை முதலில் விசாரியுங்கள். பீடத்துக்குப் பலகை வேறிடத்திலும் கிடைக்கும்.