ஆள்கூறுகள் தெரிந்திருந்தன

மாத்தளை மாவட்டத்துப் பல்லேபொலவில் ஷெல் விழுந்ததில்லை. யாழ்ப்பாணம் வரை ஓடும் ஏ9 வீதி இந்த மாவட்டத்தின் ஊடாகத்தான் போகிறது என்றாலும், போர் அந்த வீதி வழியே இவ்வளவு தூரம் ஆட்டிலறியாக இறங்கி வரவில்லை. இங்கிருந்து மேலே போனவர்கள் ஆட்கள். மிளகும் நெல்லும் விளையும் இத்தகைய ஊர்களின் பிள்ளைகள் பலர் படையில் சேர்ந்தார்கள்; திரும்பாதவர்களின் பெயரையும் படத்தையும் தாங்கிய பஸ் தரிப்பிடங்களை இந்த நாட்டின் சிங்களக் கிராமங்களில் எங்கும் காணலாம். அங்கே மழைக்கு ஒதுங்கி நிற்கும் ஒருவருக்கு, அந்தப் படத்திலிருக்கும் பையன் யாரால் இறந்தான் என்று சொல்லத் தெரியும். அவன் ஒரு பீரங்கி அணியில் இருந்திருந்தால், அவன் அடித்த ஷெல் யார்மேல் விழுந்தது என்பது அவனுக்கே தெரிந்திருக்குமா என்பது வேறு கேள்வி.

தெரியாமலிருப்பதற்கு ஏற்ற விதமாகவே அந்த வேலை பிரிக்கப்பட்டிருக்கிறது. முன்னரங்கில் இருக்கும் அவதானிப்பாளர் இலக்கைப் பார்க்கிறார், சுடுவதில்லை. அவர் சொல்லும் ஆள்கூறுகள் பின்னாலுள்ள கட்டுப்பாட்டு நிலையத்துக்குப் போகின்றன. அங்கிருப்பவர் காற்றின் வேகம், வெடிமருந்தின் வெப்பநிலை, குழாயின் தேய்மானம் எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்கிடுகிறார். அவர் முன்னே இருப்பது வரைபடம். பீரங்கியடியில் நிற்பவர்களுக்கு வந்து சேர்வது ஒரு திசையும் ஓர் ஏற்றக்கோணமும் எத்தனை தடவை என்ற எண்ணிக்கையும் மட்டுமே. முதல் ஷெல் விழுந்ததும் அவதானிப்பாளர் ‘நூறு மீற்றர் கூட்டு’, ‘ஐம்பது குறை’ என்று திருத்துவார். இலக்கில் விழத் தொடங்கியதும் எல்லாப் பீரங்கிகளும் சேர்ந்து அடிக்கும். ‘நீ என்ன செய்தாய்?’ என்று இவர்களில் எவரைக் கேட்டாலும், ஒருவரும் பொய் சொல்லாமலே பதில் சொல்லிவிடலாம்.

இந்தக் கணக்கை மேம்படுத்த உலகம் தன் சிறந்த மூளைகளைச் செலவிட்டிருக்கிறது. எதிரிப் பீரங்கியின் ஓசை வெவ்வேறு ஒலிவாங்கிகளை எட்டும் நேர வித்தியாசத்தைக் கொண்டு அதன் இருப்பிடத்தைக் கணிக்கும் முறையை, முதல் உலகப்போரில் பிரித்தானியப் படைக்காகச் செம்மைப்படுத்தியவர் லோரன்ஸ் பிராக். 1915இல், தம் 25ஆம் வயதில், தந்தையுடன் சேர்ந்து இயற்பியல் நோபல் பரிசு பெற்றவர். அதே ஆண்டு கலிப்பொலியில் ஷெல்லடியில் காயமுற்று அவருடைய தம்பி இறந்துபோனார். இரண்டாம் உலகப்போரின்போது அமெரிக்கப் படை ‘எனியாக்’ கணினிக்குப் பணம் கொடுத்ததும் பீரங்கிச் சூட்டு அட்டவணைகளைக் கணிப்பதற்காகத்தான். இன்று பறக்கும் ஷெல்லின் பாதையை ரேடார் பின்தொடர்ந்து, அது புறப்பட்ட இடத்தைச் சில நொடிகளில் சொல்லிவிடுகிறது. இந்தியா இத்தகைய ரேடாருக்கு ‘சுவாதி’ என்றும், பீரங்கிகளை ஒருங்கிணைக்கும் கணினி வலையமைப்புக்கு ‘சக்தி’ என்றும் பெயர் வைத்திருக்கிறது. பெண் பிள்ளைகளின் பெயர்களை நாம் வீணாக்குவதில்லை.

துல்லியம் கூடக் கூட, சாகக் கூடாதவர்கள் சாகமாட்டார்கள் என்பதே இத்தனை உழைப்புக்கும் சொல்லப்படும் நியாயம். நம்முடைய போரின் கடைசி மாதங்களுக்குப் பிறகு அந்த நியாயத்தை அப்படியே ஏற்க முடியவில்லை. வன்னி மக்கள் ‘வண்டு’ என்று அழைத்த ஆளில்லா வேவு விமானங்கள் வானில் சுற்றிக்கொண்டிருந்தன. அவற்றின் படங்கள் படைத் தலைமையகங்களுக்கு உடனுக்குடன் கிடைத்தன என்று ஐ.நா. அறிக்கைகள் கூறுகின்றன. வைத்தியசாலைகளின் ஆள்கூறுகளைச் செஞ்சிலுவைச் சங்கம் இராணுவத்துக்குக் கொடுத்திருந்தது. ஆனாலும் 2009 ஜனவரி இறுதியிலிருந்து பெப்ரவரி 4 வரை புதுக்குடியிருப்பு வைத்தியசாலையில் குறைந்தது 9 தடவை ஷெல்கள் நேரடியாக விழுந்தன என்று 2011இல் வெளியான ஐ.நா. நிபுணர் குழுவின் அறிக்கை பதிவு செய்கிறது. இருக்கும் இடத்தை இனிச் சொல்ல வேண்டாம் என்று வைத்தியர்களே கேட்டுக்கொண்டதாகப் பின்னர் சாட்சியங்கள் வந்தன.

நிபுணர் குழுவின் அந்த அறிக்கையில் ஓர் இரவு வருகிறது. 2009 ஜனவரி மூன்றாம் வாரத்தில் அரசு முதலாவது பாதுகாப்பு வலயத்தை அறிவித்தது. அதை நம்பி ஐ.நா. பணியாளர்கள் ஜனவரி 23 அன்று சுதந்திரபுரத்தருகே உணவு விநியோக நிலையம் ஒன்றை அமைத்து, அதன் ஆள்கூறுகளை முறைப்படி படைத்தரப்புக்கு அனுப்பினார்கள். அன்றிரவே அதைச் சுற்றி ஷெல்கள் விழுந்தன. பங்கருக்குள் இருந்த ஐ.நா. பாதுகாப்பு அதிகாரி அனுபவமுள்ள முன்னாள் படையாள். ஷெல்கள் இராணுவ நிலைகள் இருந்த தெற்கிலிருந்து வருவதைக் கண்டுகொண்டு, நிறுத்தச் சொல்லிச் செய்திகளை அனுப்பிக்கொண்டிருந்தார். ஷெல்கள் இடையில் சற்றே திசைமாறி, மறுபடியும் வந்தன. அந்தச் சிறு திசைமாற்றத்தில் மனம் நின்றுவிடுகிறது. அவதானிப்பாளர் திருத்தம் சொல்ல, அது பீரங்கியை எட்ட, ஷெல் நகர வேண்டும் என்பதல்லவா அந்த ஏற்பாடு? அன்றிரவு அது வேலை செய்தது. திருத்தத்தைச் சொன்னவர் ஷெல் விழும் இடத்தில் படுத்திருந்தார் என்பதுதான் வித்தியாசம்.

இதைச் சொல்லும்போது மற்றதையும் சொல்லியாக வேண்டும். இராணுவத்தை எதிர்த்துப் போரிட்ட விடுதலைப் புலிகளிடமும் ஆட்டிலறி இருந்தது. 1996இல் முல்லைத்தீவிலும் 2000இல் ஆனையிறவிலும் இராணுவத்திடமிருந்து கைப்பற்றியவையும் அதில் அடக்கம். அடித்த இடத்திலேயே நின்றால் பதிலடி வரும் என்பதால் அடித்துவிட்டு நகர்வது எந்தப் படையும் பழகும் தந்திரம். ஒரு சிறு நிலத்துண்டுக்குள் இலட்சக்கணக்கானோர் அடைபட்டிருக்கும்போது மக்களுக்கு அருகிலிருந்து அடித்துவிட்டு நகர்ந்தால், பதிலடியைப் பெற்றுக்கொள்ள அங்கே எஞ்சியிருப்பவர்கள் யார் என்பது அடித்தவர்களுக்குத் தெரியாததல்ல. வெளியேற முயன்றவர்களைப் புலிகள் சுட்டதையும் அதே நிபுணர் குழு எழுதியிருக்கிறது. மக்களுக்காகப் போராடுவதாகச் சொன்னவர்களும் மக்களை மீட்பதாகச் சொன்னவர்களும், மக்கள் எங்கே இருக்கிறார்கள் என்பதைச் சரியாகவே அறிந்திருந்தார்கள்.

ஆட்டிலறிக்கு ஒரு குணமுண்டு: காகிதமில்லாமல் அது இயங்காது. எந்த அணி, எந்த மணிக்கு, எந்த ஆள்கூறுக்கு, எத்தனை ஷெல் என்று எழுதி வைக்காவிட்டால் அடுத்த நாளைக்கு வெடிமருந்துக் கணக்கு வராது. துப்பாக்கிச் சண்டையில் யார் யாரைச் சுட்டார் என்பது புகையோடு போய்விடலாம், ஷெல் அப்படியல்ல. 2009 ஏப்ரல் 27 அன்று கனரகப் பீரங்கிகளைப் பயன்படுத்துவதை நிறுத்தும்படி படைகளுக்குப் பணித்துவிட்டதாக அரசு அறிவித்தது. அதற்குப் பிறகும் ஷெல் விழுந்தது என்கிறார்கள் அங்கிருந்தவர்கள். எவர் சொல்வது சரி என்பதைச் சூட்டுப் பதிவேடுகளை விரித்தால் பார்த்துவிடலாம். 2012இல் இராணுவமே நியமித்த விசாரணை மன்று, மறு ஆண்டு ஏப்ரலில், பொதுமக்கள்மேல் விழுந்ததாகச் சொல்லப்பட்ட ஷெல்கள் இராணுவம் அடித்தவை அல்ல என்ற முடிவைக் கொடுத்தது. பதிவேடுகளைப் பொதுமக்கள் பார்த்ததில்லை. போர் முடிந்த முள்ளிவாய்க்காலில் பிள்ளையைப் புதைத்தவர்களும் சரி, பல்லேபொலவிலோ பக்கத்து ஊரிலோ அன்று வெறும் எண்களைக் கேட்டுப் பீரங்கியைத் திருப்பிய, இப்போது ஓய்வூதியம் வாங்கும் யாரேனும் ஒருவரும் சரி.