முதியோர் மனையும் அடைக்கலப் பிராணியும்

முதுமையெய்தித் தம் மனையிலே தனித்து வாழ்வோர் நாய், பூனை, பசு, கிளி முதலியவற்றுள் ஒன்றைத் துணையாகக் கொண்டு வளர்த்தல் தக்கதோ, தகாததோ என்னும் வாதம் இக்காலத்தில் நம்மவர் வீடுகளிலே அடிக்கடி நிகழக் காண்கின்றோம். முன்னாளில் இவ்வாதம் எழுவதற்கு இடமில்லை. பாட்டனாரின் நாய் பாட்டனாருக்குப் பின் பேரனுடைய நாயாயிற்று. தொழுவத்துப் பசு அத்தொழுவத்திலேயே நின்றது. கயிறு பிடிக்குங் கைகளே மாறின. 1983ஆம் ஆண்டின் பின் யாழ்ப்பாணத்து மனைகளின் நிலை வேறாயிற்று. பிள்ளைகள் கனடாவிலும் இங்கிலாந்திலும் பிரான்சிலும் குடியேற, பலர் கூடியிருந்த நாற்சார் வீடுகளிலே ஒருவரோ இருவரோ எஞ்சினர். அவரும் இல்லாதொழிந்தால் படலைக்குப் பூட்டு விழும். அப்பூட்டுக்கு உள்ளே நின்றுவிடும் வாயில்லாச் சீவனைப் பற்றியதே இவ்வியாசம்.

பிராணி வளர்த்தலால் முதியோர்க்கு நன்மையுண்டு என்பது புதிய கொள்கையன்று. தாதியர் தொழிலுக்கு வழிவகுத்த புளோரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார், 1859இல் வெளியிட்ட தமது நூலிலே, நெடுநாட் படுக்கையிற் கிடக்கும் நோயாளர்க்குச் சிறு பிராணியொன்று நற்றுணையாகும் என்று எழுதினார். 1980இல் அமெரிக்காவிலே எரிக்கா பிரீட்மன் என்பாரும் அவர்தங் குழுவினரும் இருதய நோயாற் சிகிச்சை பெற்று மீண்ட 92 பேரை ஓராண்டு நோக்கினர். பிராணி வளர்த்த 53 பேருள் 3 பேரும், வளர்க்காத 39 பேருள் 11 பேரும் அவ்வாண்டினுள் இறந்தனர். இக்கணக்கைக் கேட்டவுடன் நாயை மருந்தென மயங்குதல் ஆகாது. ஆராயப்பட்டோர் தொகை சிறிது. பின்வந்த ஆராய்ச்சிகள் எல்லாம் ஒரே முடிபைத் தரவுமில்லை. உடல்வலி சற்று மிகுந்தோரே பிராணி வளர்க்க முற்படுகின்றனர் என்று கொள்ளவும் இடமுண்டு. அன்றியும், அமெரிக்க அரசினர் 2001 முதல் 2006 வரையுள்ள ஆண்டுகளை ஆராய்ந்து 2009இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, அந்நாட்டிலே நாய் பூனைகளால் இடறுண்டு வீழ்ந்து காயமுற்றோர் ஆண்டொன்றுக்கு 86,000 பேருக்கு மேற்பட்டவர். இளையோனுக்குச் சிராய்ப்பாய்ப் போகும் வீழ்ச்சி, எண்பது வயதினருக்கு இடுப்பெலும்பு முறிவாகும் என்பதை யாவரும் அறிவர்.

ஆயினும் இவையெல்லாம் மனிதர்க்கு வரும் இலாப நட்டங்களே. மருந்துப் புட்டியை, உண்டவர் இறந்தபின் எறிந்துவிடலாம். நாயை அங்ஙனம் செய்தல் கூடுமோ? தன் தனிமை தீரும்பொருட்டு ஓர் உயிரைத் தன்பால் இழுத்து, வேறோரிடத்தும் உணவு தேடியறியாதபடி பழக்கிவைப்பவர், தமக்குப் பின் அதற்கு நேர்வது யாது என்று எண்ணாதிருத்தல் அறமாகுமோ? எம் மதத்திலே வினா இதுவொன்றே.

இவ்வினாவை ஆராயப் புகுவார்க்குப் பாரதக் கதையின் முடிவு பெரிதும் உதவும். தருமர் அரசைத் துறந்து வடதிசை நோக்கிப் புறப்பட்ட காலத்தில் அவர் இளையரல்லர். வாழ்நாளின் எல்லையை எய்தியவர். துரோபதையும் தம்பியரும் வழியிலே ஒருவர்பின் ஒருவராக வீழ்ந்தனர். தொடர்ந்து வந்தது ஒரு நாய் மாத்திரமே. தேரொடு வந்த இந்திரன் நாயை விட்டு ஏறுக என்றபோது, அடைக்கலமாக வந்ததைக் கைவிடேன் என்று தருமர் மறுத்தார். இக்கதையை நாய்க்குத் தரப்பட்ட பெருமையாகவே பலரும் எடுத்துரைப்பர். நாம் இங்கே நோக்கற்பாலது பிறிதொன்று. உடலொடு சுவர்க்கம் புகும் பேறு எதிரே நின்றபோதும், தம் பின்வந்த பிராணியின் கதியைத் தீர்க்காமல் அம்முதியவர் காலடி எடுத்துவைக்கவில்லை. வளர்க்கப்படும் பிராணி உடைமையன்று, அடைக்கலம். உடைமையாயின் விட்டுச் செல்லலாம். அடைக்கலத்தை ஒருவர் கையிலே ஒப்புவித்தன்றிச் செல்லலாகாது.

இதனாற் பெறப்படுவது யாதெனின், தாம் இறந்த மறுநாட் காலையிலே அதற்குச் சோறு வைப்பவர் இன்னார் என்று பெயர் சொல்ல இயலாதவர் பிராணி வளர்க்கத் தொடங்குதல் தகாது. சொல்ல இயலுமாயின், வயதைக் காட்டி அவரைத் தடுத்தலும் தகாது. நாய் பத்துப் பன்னிரண்டு ஆண்டு வாழும். பூனை பதினைந்தாண்டையும் எட்டும். கிளியோ நன்கு பேணப்படின் இருபதாண்டையுங் கடக்கும். எழுபத்தைந்து வயதினர் கண் திறவாத குட்டியை விரும்பிக் கொள்வதினும், வீதியிலே முதிர்ந்து கிடக்கும் நாயொன்றை ஏற்றுக்கொள்ளுதல் இருபாலுக்கும் நன்று. 2006 முதல் இலங்கையிலே தெருநாய்களைக் கொன்றொழித்தல் கைவிடப்பட்டமையால், அத்தகையன எவ்வூரிலும் உண்டு. ஆண்டுதோறும் விசர்நாய்த் தடுப்பூசி இடுவிக்க மறத்தல் கூடாது. அரசினர் அதனை இலவசமாகவே இடுகின்றனர். அந்நோய்க்குறி தோன்றியபின் மனிதரைக் காக்க வல்ல மருந்தோ அரிது.

மரணசாதனத்தில் எழுதிவைத்தால் அமையாதோ எனின், சட்டத்தின் கண்ணிலே பிராணி பொருளேயன்றிப் பொருள் பெறுதற்குரியதன்று. 2007இல் அமெரிக்காவிலே இறந்த செல்வச் சீமாட்டி ஒருவர் தம் நாயின் பொருட்டு ஒருகோடியே இருபது இலட்சம் டொலர் ஒதுக்கிச் சென்றார்; நீதிமன்றம் மறு ஆண்டில் அதனை இருபது இலட்சமாகக் குறைத்தது. நமக்கு வேண்டுவது அத்துணைப் பணமன்று. வேலிக்கு அப்பாலுள்ளவர் வாயிலிருந்து வரும் ஒரு சொல்லே போதும்.

மரக்கறி உணவினராகிய நம்மவர்க்கு இங்கே ஒன்று கூறவேண்டும். நாய், தக்கவாறு அமைக்கப்பட்ட மரக்கறியுணவால் வாழவல்லது. பூனையின் உடலமைப்பு அத்தகையதன்று. தோரின் என்னும் சத்து ஊனிலிருந்து அதற்குக் கிடைத்தல் வேண்டும். கிடையாவிடின் கண்ணும் இருதயமும் கெடும். தம் அடுக்களையில் மீன் புகலாகாது என்பார் அக்கொள்கையை உயிரெனக் காக்க. ஆனால் பூனையைக் கொணர்ந்து பாற்சோற்றால் மெலிவித்து, அதனைச் சீவகாருணியம் என்று சொல்லாதிருப்பாராக.

இனிப் பிள்ளைகளை நோக்கிச் சில சொல்வோம். தாய்க்குத் துணையாகட்டும் என்று பணமனுப்பி, உயர்சாதிப் பெருநாய்க் குட்டியொன்றை வாங்கி விடுவிக்கும் வழக்கம் பெருகி வருகின்றது. ஆறு திங்களிலே அக்குட்டி தாயினும் வலிமையுடையதாய் வளர்ந்து, சங்கிலியோடு அவரையும் இழுத்துச் செல்கின்றது. அனுப்பியவரோ, கடன் தீர்ந்ததென்று தொலைபேசியிற் பேசும் நாளையுங் குறைத்துக்கொள்கின்றார். நாய் தன் கடனைச் செய்யும். மகனுடைய கடனை அது செய்யாது.

எம் அயலிலே எண்பத்திரண்டு வயது நிரம்பிய மூதாட்டியார் ஒருவர் உளர். 1995ஆம் ஆண்டு ஐப்பசித் திங்கள் 30ஆம் நாள் இரவு வலிகாமம் முழுதும் பெயர்ந்து தென்மராட்சி நோக்கிச் சென்றபோது, அவரும் தம் பசுவை அவிழ்த்துவிட்டுப் புறப்பட்டார். கட்டிவைத்துச் சென்றாற் பட்டினியால் இறக்குமே என்று அவிழ்த்ததன்றி வேறு வழி அவருக்கு இருந்ததில்லை. அதனைப் பாவமென்று கூற எமக்கு வாயில்லை. 1996இல் மீண்டுவந்தபோது பசு இல்லை. அதன்பின் அவர் எதனையும் வளர்த்திலர். நாயொன்று வைத்திருக்குமாறு மகன் பன்முறை வேண்டியும், இன்னொன்றை அவிழ்த்துவிடத் தமக்குக் கையில்லை என்று மறுத்துவிட்டார்.

மூன்றாண்டின் முன் கிழநாயொன்று அவர் படலையடியில் வந்து கிடக்கத் தொடங்கிற்று. ஒரு கிழமை அவர் அதைப் பாராதவர்போல் இருந்தார். எட்டாம் நாள் அயல்வீட்டு இளைஞனை அழைத்து, “தம்பி, நான் போனபின் இதுக்கு ஆர் சோறு வைக்கிறது?” என்று வினவினார். அவன் தன் மனைவியைக் கேட்டுவந்து, “நாங்கள் வைப்பம் ஆச்சி” என்றான். அதற்குப் பின்னரே ஒரு பழஞ்சட்டி படலைக்கு உள்ளே வந்தது.

சென்ற மாரியில் அவர் சுரங்கண்டு ஒன்பது நாள் வைத்தியசாலையில் இருந்தார். இளைஞன் இருவேளையும் சட்டியை நிரப்பினான். முதனாள் நாய் உண்ணவில்லையாம். இரண்டாம் நாள் மாலை சிறிது உண்டதாம். இதனை அவன் கட்டிலருகே வந்து சொல்லும்வரை அம்மூதாட்டியாரும் கஞ்சியைத் தொடவில்லை என்று அவரைப் பார்த்திருந்த உறவினர் எமக்குக் கூறினர்.