பானையின் அடியில் பெயர்

மரபு என்றதும் அப்பனிடமிருந்து பிள்ளைக்கு வரும் சொத்தைப் போன்ற ஒன்றை நினைத்துக்கொள்கிறோம். இந்த நினைப்பின் மீது எனக்கு அவநம்பிக்கை உண்டு. மெக்ஸிகோவின் குயவர் ஹுவான் கெஸாதாவைப் (1940–2022) பற்றி யோசிக்கும்போது அது வலுக்கிறது.

வட மெக்ஸிகோவில், சிஹுவாஹுவா மாநிலத்தில், மாத்தா ஓர்த்தீஸ் அவருடைய கிராமம். பக்கத்தில் பாக்கிமே என்ற பழைய நகரத்தின் இடிபாடுகள்; 15-ஆம் நூற்றாண்டில் ஜனங்கள் கைவிட்டுப்போன இடம். விறகுக்காக மலைக்குப் போன சிறுவனுக்கு அந்த ஜனங்களின் வர்ணம் தீட்டிய ஓடுகள் கிடைத்தன. சொல்லித்தர ஆளில்லை. செய்த பானைகள் வெடித்தன. பழைய ஓட்டின் உடைந்த விளிம்பில் மணலைப் பார்த்த பிறகுதான் களிமண்ணோடு மணல் சேர்க்க வேண்டும் என்று புரிந்தது. தலைமயிரில் தூரிகை செய்துகொண்டார். காய்ந்த மாட்டுச் சாணத்தில் சுட்டார். அந்த உடைந்த விளிம்புதான் ஆசான். முழுப்பானையாகக் கிடைத்திருந்தால் இதைச் சொல்லியிருக்காது.

1976-இல் அமெரிக்காவின் நியூ மெக்ஸிகோவில், பழைய சாமான் கடை ஒன்றில், ஸ்பென்ஸர் மக்கல்லம் என்ற மானுடவியலாளர் பெயரெழுதாத மூன்று பானைகளை வாங்கினார். செய்தவரைத் தேடிப் போய்க் கெஸாதாவைக் கண்டார். இப்படிப்பட்ட பானைகளை வியாபாரிகள் சிலர் பழம்பொருளென்றே விற்றதாகச் சொல்கிறார்கள். பின்னால் கெஸாதா தன் பானைகளில் பெயர் எழுதலானார்.

பெயரற்றிருப்பதை நாட்டார் கலையின் நற்பண்பென்று நானே பேசியிருக்கிறேன். கையெழுத்து அகங்காரம் என்றும். ஆனால் இங்கே பெயரில்லாத பானை, செய்தவர் நினைக்காமலே, பொய் சொல்கிறது. 'இது என்னுடையது' என்பதைவிட 'இது அவர்களுடையதல்ல' என்பதையே அந்தப் பெயர் சொல்கிறது. செத்துப்போனவர்களின் பெயரில் தன் சரக்கை விற்காமலிருப்பதும் அவர்களுக்குச் செய்யும் மரியாதைதான். கையெழுத்தால் விலை ஏறியிருக்கும். லாபம் கூட வந்தது என்பதற்காக நேர்மை பொய்யாகிவிடாது.

கெஸாதா தொழிலை ரகசியமாக வைத்துக்கொள்ளவில்லை. கூடப் பிறந்தவர்களுக்குக் கற்றுக்கொடுத்தார்; அவர்கள் பிள்ளைகளுக்கு; பிறகு அண்டை அயலாருக்கும் போய், ஊரில் சில நூறு பேர் குயவர்களானார்கள். இவர்கள் நிலைமை அவருடையதைவிடக் கஷ்டமானது என்று எனக்குத் தோன்றுகிறது. உடைந்த ஓடு கேட்டால் பதில் சொல்லும். இப்படித்தான் செய் என்று உத்தரவிடாது. அண்ணன் உத்தரவிடுவார். தங்கை தன் பானையில் பெயரெழுதும்போது, அண்ணனிடமிருந்து தான் விலகிவந்த தூரத்துக்கும் பொறுப்பேற்கிறாள். அந்தத் தூரம் இல்லையென்றால், ரத்த உறவு இருந்தும், பெயரெழுத உரிமையில்லை.