பொது நீரும் மறுமைக் கணக்கும்

கண்மாயைக் காப்பது மார்க்கக் கடமையா, அரசியல் வேலையா? அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்திலுள்ள எம்.ரெட்டியபட்டியிலிருந்து சென்று சட்டம் பயிலும் தம்பி ஒருவர் நம்மிடம் கேட்ட வினா இது.

அவருடைய வாதம் தெளிவானது. “ஒளூவின் ஃபர்ளுகளையும் சுன்னத்துகளையும் ஆலிம்கள் விரிவாகச் சொல்கிறீர்கள். அந்த நீர் வந்து சேரும் கண்மாய் தூர்ந்து போவதைப் பற்றி ஏன் சொல்வதில்லை? மேற்கு ஜெர்மனியில் 1980-ல் பசுமைக் கட்சி தோன்றியது. 1983-ல் பாராளுமன்றத்துக்குள் நுழைந்தது. நீரையும் மண்ணையும் முன்வைக்கும் அரசியல் நமக்கும் வேண்டும். சட்டமும் வாக்குச் சீட்டும் இருந்தால் போதும்” என்கிறார். பெரியவர்கள் சிலரோ, “இவையெல்லாம் துன்யா விவகாரம், பள்ளிவாசலுக்கு வெளியே வைத்துக்கொள்ளுங்கள்” என்கிறார்கள். இவ்விரு கூற்றுகளையும் ஷரீஅத்தின் ஒளியில் எடைபோட்டுப் பார்ப்போம்.

அருப்புக்கோட்டைச் சீமை வானம் பார்த்த பூமி. வடகிழக்குப் பருவமழையைக் கண்மாயில் தேக்கினால்தான் வயலுக்கும் கால்நடைக்கும் நீர், கிணற்றிலும் ஊற்று. ஒரு கண்மாய் நிரம்பினால் மிஞ்சிய நீர் கலுங்கு வழியே அடுத்த கண்மாய்க்குச் செல்லும். ஆகவே வரத்துக் கால்வாயை மறித்து ஒருவர் நாலு முழம் சேர்த்துக்கொண்டால், அவருடைய ஊர் மட்டுமல்ல, கீழே உள்ள ஊர்களும் வறளும்.

கப்பலின் கீழ்த்தட்டில் இருப்போர், தங்கள் பங்கில்தானே துளையிடுகிறோம் என்று தொடங்க, மேல்தட்டில் இருப்போர் தடுக்காவிட்டால் இரு சாராரும் மூழ்குவர் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் உவமை கூறியிருப்பது புகாரியில் பதிவாகியுள்ளது. நம் கண்மாய்களுக்கு இதைவிடப் பொருத்தமான உவமை வேறு வேண்டுமா?

தண்ணீர், புல், நெருப்பு ஆகியவற்றில் மக்கள் அனைவரும் கூட்டாளிகள் என்பதும் நபிமொழியே. மஃரிபிலிருந்த உப்பு நிலத்தை அப்யள் இப்னு ஹம்மால் (ரலி) அவர்களுக்கு நாயகம் (ஸல்) அவர்கள் வழங்கினார்கள். அது வற்றாத ஊற்றைப் போல எல்லோரும் எளிதில் எடுக்கக்கூடியது என்று தெரிய வந்ததும் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். ஊருக்கு உரியதை ஒருவருக்கு என்று ஆக்கக்கூடாது என்பதற்கு இது சான்றன்றோ!

இனித் தம்பி சொல்லும் சட்டத்தைப் பார்ப்போம். நீரையும் காட்டையும் காப்பது குடிமக்களின் கடமை என்று 1976-ல் 42-வது திருத்தத்தின் மூலம் அரசியல் சாசனத்தில் சேர்க்கப்பட்டது. ஏரி குளங்களின் ஆக்கிரமிப்பை அகற்றத் தமிழ்நாட்டில் 2007-ல் தனிச்சட்டமே வந்தது. எனவே சட்டத்துக்குப் பஞ்சமில்லை. ஆனால் சட்டம் மட்டும் போதுமா?

நம் சமுதாயத்தோடு தொடர்புள்ள ஒரு வழக்கையே எடுத்துக்கொள்வோம். வாணியம்பாடி, ஆம்பூர்ப் பகுதிகளில் முஸ்லிம்கள் பலர் தலைமுறை தலைமுறையாகத் தோல் பதனிடும் தொழில் செய்து வருகின்றனர். அதன் வருவாயில் கல்விக்கூடங்கள் எழுந்தன. ஏழைகள் உதவி பெற்றனர். அதே தொழிலின் கழிவு பாலாற்றையும் கிணறுகளையும் கெடுத்தது. 1996 ஆகஸ்ட் 28-ல் உச்ச நீதிமன்றம், கெடுத்தவரே ஈடு செய்ய வேண்டும் என்று தீர்ப்பளித்து, ஐந்து மாவட்டத் தோல் ஆலைகள் ஒவ்வொன்றுக்கும் பத்தாயிரம் ரூபாய் அபராதம் விதித்தது. ஆயினும் அதே பாலாற்று மாசு குறித்து 2025 ஜனவரியிலும் உச்ச நீதிமன்றம் மீண்டும் தீர்ப்புரைக்க வேண்டியதாயிற்று.

இங்கேதான் உள்ளம் நடுங்க வேண்டும். தவ்பாவுக்கு நிபந்தனைகள் உண்டு. பாவத்தை விடுதல், வருந்துதல், மீண்டும் செய்வதில்லை என உறுதி கொள்ளுதல் ஆகிய மூன்றும் அல்லாஹ்வுக்குச் செய்த பாவத்துக்குப் போதும். அடியாரின் உரிமையில் கை வைத்திருந்தால், அதை உரியவரிடம் ஒப்படைப்பது அல்லது அவரிடம் மன்னிப்புப் பெறுவது நான்காவது நிபந்தனை. அண்டை வீட்டாரின் ஆட்டைப் பிடித்தவன் அவர் கதவைத் தட்டி மன்னிப்புக் கேட்கலாம். கண்மாயைப் பிடித்தவன் எத்தனை கதவுகளைத் தட்டுவான்? முஸ்லிமும் மாற்று மதத்தவரும் அதில் பங்காளிகள். தாகித்துத் திரும்பிய மாட்டிடம் எப்படி மன்னிப்புக் கேட்பான்? இன்னும் பிறவாத பிள்ளையிடம் எப்படிக் கேட்பான்?

பொதுச் சொத்து யாருக்கும் சொந்தமில்லை என்று எண்ணி அதை எளிதாகக் கருதுகிறோம். உண்மையில் அதுவே எல்லாவற்றிலும் கடினமான கடன். நீதிமன்ற அபராதத்தைக் கட்டிவிட்டால் ரசீது கிடைக்கும். மறுமைக்கு அந்த ரசீது உதவாது. பள்ளிவாசலுக்கு மினாரா கட்டிக் கொடுத்தாலும் கெட்டுப்போன கிணறு அதனால் சுத்தமாகிவிடாது. அபகரித்த நீரில் செய்த ஒளூ கூடும், ஆனால் அபகரித்த பாவம் நீங்காது என்று ஃபிக்ஹு நூல்கள் கூறுகின்றன. எடுத்த மண்ணைத் திரும்ப விடுவது, கெடுத்த நீரைச் சீராக்குவது: பரிகாரம் இவையே.

தம்பிக்கும் ஒரு சொல். ஆர்வத்தோடு அத்லும் சேர வேண்டும். சீமைக் கருவேலத்தை அகற்ற உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டபின், 2017-ல் சென்னையில் அதே நீதிமன்றம் அப்பணிக்கு இடைக்காலத் தடை விதித்து, நிபுணர்களின் ஆய்வைக் கோரியது. அந்த மரம் கண்மாய்களை அடைத்துக் கிடப்பது உண்மை. அதை வெட்டிக் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கும் ஏழைகள் இந்த வட்டாரத்தில் இருப்பதும் உண்மை. நீருக்காகப் பேசுவோர் அவர்களின் அடுப்பையும் நினைக்க வேண்டும்.

பெரியவர்களுக்கு நாம் பணிவுடன் சொல்வது: ஊரில் ஒருவரும் செய்யாவிட்டால் அனைவரும் குற்றவாளியாகும் ஃபர்ளு கிஃபாயாவைப் போன்றதே இந்தப் பொறுப்பும். ஜும்ஆ மேடையில் இது பேசப்படட்டும். ஜமாஅத்தார் மற்றச் சமூகத்தாரோடு சேர்ந்து மடையையும் கால்வாயையும் மழைக்கு முன் பார்வையிடட்டும். நம் வீட்டுக் கழிவு எங்கே போய்ச் சேருகிறது என்று தாய்மார்கள் கேட்கட்டும். கண்மாய் உள்வாயில் நம்மவர் நிலம் இருந்தால், அதிகாரி வந்து அளப்பதற்கு முன் நாமே அளந்து விட்டுவிடுவோம்.

பிறர் உரிமையைச் சுமந்த முதுகோடு தன் முன்னிலையில் நிற்கும் நிலையிலிருந்து அல்லாஹுத் தஆலா நம் அனைவரையும் காப்பானாக! ஆமீன்.