வேண்டாம் என்றொரு பெயர்

மதுரை, தேனிப் பக்கம் போதும்பொண்ணு என்ற பெயர் சாதாரணம். திருத்தணியை ஒட்டிய சில கிராமங்களில் வேண்டாம் என்றே பெயர் உண்டு. வரிசையாகப் பெண் பிறந்த வீட்டில் மூன்றாவதுக்கோ நான்காவதுக்கோ இப்படி வைத்தால் அடுத்தது ஆணாகப் பிறக்கும் என்பது நம்பிக்கை. 'போதும்ராஜா' என்று ஒருவனை நான் கேள்விப்பட்டதில்லை.

இலக்கணம் நடத்துகிறவளுக்கு இந்தப் பெயர்கள் தொந்தரவு தருபவை. போதும், வேண்டாம் இரண்டும் பெயர்ச்சொல் அல்ல, வினைமுற்று. அதாவது முழு வாக்கியம். யாரோ யாரிடமோ சொன்னது. சொன்னவர்கள் பெற்றவர்கள், கேட்க வேண்டியது தெய்வம். நடுவில் தொட்டிலில் கிடக்கிறவளிடம் யாரும் எதுவும் பேசவில்லை. ஆனால் வருகைப் பதிவேட்டில் அந்த வாக்கியத்தை வாசித்தால் எழுந்து நிற்க வேண்டியவள் அவள்தான். (வேண்டாம் என்பதோடு இரண்டாம் வேற்றுமை உருபைச் சேர்த்தால் 'வேண்டாமை' ஆகிவிடும். வள்ளுவர் அதைச் சிறந்த செல்வம் என்கிறார். ஆசையை அறுக்கச் சொன்னது யாருக்கு என்பது வேறு கதை.)

இது நம் ஊர் வழக்கம் மட்டுமல்ல. வங்காளத்தில் ஆன்னாகாளி, 'இனி வேண்டாம் காளி'. மகாராஷ்டிரத்தில் நகுசா, வேண்டாதவள். 2011 அக்டோபரில் சதாரா மாவட்ட நிர்வாகம் விழா எடுத்து, அந்தப் பெயருள்ள 285 பேருக்குப் புதுப்பெயர் சூட்டியது. நம் படித்த குடும்பங்களும் விலக்கில்லை. கச்சேரி முடிவில் பாடுவது மங்களம். கடைசிப் பெண்ணாக இருக்கட்டும் என்று வைத்த மங்களங்களும் சம்பூர்ணங்களும் உண்டு. வடமொழி என்பதால் காதில் உறுத்துவதில்லை, அவ்வளவுதான்.

குப்பம்மா, பிச்சையம்மா என்று வைப்பதில்லையா, அதுபோல்தானே இதுவும் என்பார்கள். இல்லை. முன்பு பிறந்தவை தங்காமல் போன வீட்டில், இதையாவது எமன் விட்டுவைக்கட்டும் என்று குழந்தையைக் குப்பையில் புரட்டி எடுத்து வைத்த பெயர் குப்பம்மா. ஆணுக்கும் குப்புசாமி உண்டு. அது குழந்தையை ஒளித்துவைக்கும் பெயர். போதும்பொண்ணு குழந்தையை அடுத்தவனுக்கு வழிவிடச் சொல்லும் பெயர். பிறகு தம்பி பிறந்தால் ராசிக்காரி, தங்கை பிறந்தால் பெயரும் பலிக்காத துக்கிரி. தன் கையில் இல்லாத ஒரு பிறப்புக்காக அவள் எடைபோடப்படுகிறாள்.

பெற்றவளை நினைத்தால் என் கோபம் கொஞ்சம் தடுமாறும். நாலு பிரசவம் பார்த்த உடம்பும் 'போதும்' என்று சொல்லியிருக்கும். அந்தப் போதும் யார் காதிலும் விழுந்திருக்காது.

சரி, மாற்றிவிடலாமா? சதாராவில் செய்தது நல்ல காரியம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். என்னிடம் படித்த ஒரு போதும்பொண்ணிடம், அரசிதழில் விளம்பரம் கொடுத்து மாற்றிக்கொள்ளலாமே என்றேன். "மாத்திட்டா அவங்க செஞ்சது இல்லேன்னு ஆயிரும் மேடம். இருக்கட்டும், கூப்பிடும்போதெல்லாம் அவங்களே சொல்லிப் பாக்கட்டும்" என்றாள். எல்லாரும் அவளைப்போல் சுமக்க வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். மாற்றுவதா வைத்திருப்பதா என்பதை மேடை போடுகிறவர்கள் முடிவுசெய்யக் கூடாது என்பதில் மட்டும் எனக்குச் சந்தேகமில்லை.

அவளுக்கு அடுத்துப் பிறந்ததும் பெண்தான். அவளுக்குத் தமிழ்ச்செல்வி என்று வைத்திருக்கிறார்கள்.