பயத்துக்கு எத்தனாவது இடம்?

ஒரு மனிதரின் கஷ்டங்களுக்கு வரிசை எண் போடலாமா? நர்சிங் மாணவர்கள் போட்டுத்தான் ஆகவேண்டும்.

நிமோனியா என்று மருத்துவர் எழுதிவிடுகிறார். அந்த நிமோனியா இந்த மனிதரை என்ன செய்கிறது என்பதைச் செவிலியர் எழுதவேண்டும். சளியை வெளியேற்ற முடியவில்லை. இருமினால் நெஞ்சு வலிக்கிறது. எழுந்து நடந்தால் விழக்கூடும். பயப்படுகிறார். இவற்றை 'நர்சிங் டயக்னோசிஸ்' என்கிறார்கள். இவற்றுக்குப் பொதுவான பெயர்களைத் தொகுக்க 1973-இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் ஒரு மாநாடே கூடியது.

வரிசைப்படுத்த விதிகள் உண்டு. முதலில் சுவாசப்பாதை, பிறகு மூச்சு, பிறகு ரத்த ஓட்டம். இருக்கிற பிரச்சினை, வரக்கூடிய பிரச்சினைக்குப் பொதுவாக முன்னால். தற்கொலை அபாயம் போன்றவை விதிவிலக்கு. அப்புறம் மாஸ்லோவின் படிகள்: உடல், பாதுகாப்பு, அன்பு, மதிப்பு என்று ஏறிப்போகும்.

நர்சிங் படிக்கும் என் சித்தி மகளிடம், "பயத்தை எங்கே போட்டே?" என்று கேட்டேன்.

"கடைசில அண்ணா. அங்கதான் போடணும்."

சரிதான். மூச்சே நின்றுவிட்டால் பயப்பட ஆள் இருக்காது. ஆனால் படுக்கையில் இருப்பவரைக் கேட்டால் பயத்தைத்தான் முதலில் சொல்லக்கூடும். தேவைகளின் வரிசையை 1943-இல் எழுதிய மாஸ்லோவே, அது அப்படியொன்றும் இறுக்கமானதல்ல என்றார். எல்லாத் தேவைகளும் ஒரே சமயத்தில் பாதி நிறைந்தும் பாதி நிறையாமலும் இருக்கும் என்றார். பயம் மூச்சை வேகமாக்கும் என்பது வேறு இருக்கிறது. கடைசி வரி முதல் வரியைத் தொடுகிறது.

'இது நேரத்தின் வரிசைதானே, மதிப்பின் வரிசை இல்லையே' என்று சொல்லலாம். கேட்க நியாயமாக இருக்கிறது. நேரம் போதுமானதாக இருந்தால் நியாயமும்கூட.

கணினியில் ஒரு ப்ராசஸருக்காகப் பல வேலைகள் காத்திருக்கும். எப்போதும் முன்னுரிமை அதிகமானதையே எடுத்தால், கடைசியில் இருப்பதற்கு முறையே வராமல் போகலாம். எங்கள் பாடப்புத்தகங்களில் இதற்கு 'ஸ்டார்வேஷன்', அதாவது பட்டினி, என்று பெயர். தனித்தனியாகப் பார்த்தால் எந்த முடிவிலும் தப்பில்லை. அந்த ஒரு வேலை மட்டும் நடந்திருக்காது.

வார்டிலும் இதுதான். 2006-இல் பியாட்ரிஸ் காலிஷ் என்ற ஆய்வாளர், அமெரிக்கச் செவிலியர்களிடம் பேசி, வழக்கமாக விடுபட்டுப்போகும் பணிகளைத் தொகுத்தார். நோயாளியை நடக்கவைப்பது, புரட்டிப் படுக்கவைப்பது, விளக்கிச் சொல்வது, மனதுக்கு ஆறுதலாக இருப்பது எல்லாம் அதில் இருந்தன.

பட்டினிக்குக் கணினியில் எளிய மருந்து உண்டு. காத்திருக்கக் காத்திருக்க அந்த வேலையின் முன்னுரிமையை ஏற்றிக்கொண்டே போவார்கள். காத்திருந்ததே ஒரு உரிமையாகிவிடுகிறது. நர்சிங்கில் நோயாளியைத் திரும்பத் திரும்ப மதிப்பிட்டு வரிசையை மாற்றச் சொல்வதற்கும் இந்த அர்த்தத்தைக் கொடுக்கலாம்: காலையில் கடைசியில் இருந்த பயம் மாலையிலும் அங்கேயே கிடக்கக் கூடாது.

இதையும் மாணவியின் தலையில் மட்டும் கட்ட முடியாது. ஒரு செவிலியருக்கு எத்தனை நோயாளிகள் என்பதை அவள் தீர்மானிப்பதில்லை. ஆள் பற்றாக்குறையால் விடுபட்டதைக்கூட, அவள் கைப்பட எழுதிய வரிசை அவளுடைய முடிவாகக் காட்டிவிடுகிறது. நடக்காமல் போன கடைசி வரியைப் பார்த்து "ஏம்மா செய்யல?" என்று அவளைக் கேட்பது சுலபம். அந்த வார்டுக்கு அன்று எத்தனை பேரை அனுப்பினார்கள் என்று மேலே இருப்பவர்களைக் கேட்பதுதான் முதலில் வரவேண்டும்.