துயிலெழுதலும் தன்னாளுகையும்

செருமானிய மெய்யியலாளர் இமானுவேல் கான்ற் நாள்தோறும் அதிகாலை 5 மணிக்குத் துயிலெழுந்தவர். அவரை எழுப்பியவர் மார்ட்டின் லாம்பே என்னும் பணியாள்; முன்னாட் போர்வீரர். எவ்வளவு மன்றாடினும் தம்மை மீண்டும் உறங்க விடலாகாது என்பது எசமானின் கட்டளை. மனிதன் தனக்குத் தானே விதி வகுத்தொழுகும் ஆற்றலுடையவன் என்று போதித்த பேரறிஞர், தமது நாளைத் தொடங்குதற்கு இன்னொருவரின் குரலை நம்பியிருந்தார். அதுபற்றி அவரை இயலாதவர் என எவரும் கூறியதில்லை.

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே செவிப்புலனற்ற இளைஞர் ஒருவர், விடியற்காலையில் தம்மைத் தட்டியெழுப்புமாறு தாயை வேண்டும்போது மாத்திரம் அது இயலாமை எனப்படுவது ஏன்? கான்ற் கட்டளையிட்டார், இவரோ வேண்டுகின்றார். வேறுபாடு செவியிலன்றி அதிகாரத்திலேயே உள்ளது எனலாம்.

செவிப்புலனுடையோரும் தாமாக எழுவதில்லை. நல்லூர்க் கோயில் மணி, தேவாலய மணி, பள்ளிவாசலின் பாங்கொலி, முதற் பேருந்தின் இரைச்சல் என இம்மண்ணின் வைகறை முழுவதும் ஒலியாலேயே அமைந்தது. ஊர் முழுவதும் சேர்ந்து எழுப்பும் ஒருவன், தான் சுயமாக எழுந்ததாக எண்ணிக்கொள்கின்றான். பெரும்பான்மையோரின் சார்புக்கு ஊரே ஏற்பாடு செய்துள்ளமையால் அது சார்பாகத் தோன்றுவதில்லை.

செவிப்புலனற்றோர் இதற்கு மாற்று வழிகளைத் தாமே கண்டனர். மணிக்கூட்டின் அலாரச் சாவி சுழலும்போது நூல் அவிழ்ந்து, பாரமான இரும்பொன்று தரையில் வீழும்படி மேனாட்டார் சிலர் அமைத்தனர். பலகைத்தளத்தின் அதிர்வு கட்டிலை எட்டியது. சீமெந்துத் தரையிற் பாய் விரித்துறங்கும் நம்மவர் வீட்டில் அவ்வுபாயம் அவ்வளவாகப் பயன்படாது. பின்னர் மின்னி மின்னி ஒளிரும் விளக்குகளும் தலையணையின் கீழ் வைக்கும் அதிர்வுக் கருவிகளும் வந்தன. ஒளியைக் காட்டிலும் அதிர்வே நம்பத்தக்கது; மூடிய இமையையும் போர்வையையும் ஒளி எப்போதும் ஊடுருவுவதில்லை. இன்று கைத்தொலைபேசியின் அதிர்வே பலருக்குப் போதுமாயுள்ளது.

இக்கருவியின் அறப்பெறுமதி யாது? கைதடி நவீல்ட் பாடசாலை போன்றதொரு விடுதியில் எழுந்தவர் அடுத்தவரைத் தொட்டெழுப்பலாம். கல்வி முடித்துத் தனியறை பெற்று, “நாளை 6 மணிக்கு வேலைக்கு வருவேன்” என ஒருவர் சொல்லும்போதுதான் சிக்கல் எழுகின்றது. குறித்த நேரத்தில் விழிக்கும் வழி தன் கையில் இல்லாதவரின் வாக்குக்கு இன்னொருவர் பிணைநிற்கவேண்டும். அதிர்வு மணிக்கூடு அப்பிணையை நீக்குகின்றது. வாக்களிக்கவும், அதை மீறினால் தாமே பழியேற்கவும் அவருக்கு இயலுமாகின்றது. தாயின் தொடுகைக்கு இதனால் இழுக்கேதும் இல்லை. அன்பினால் எழுப்பப்படுவது வேறு. வேறு வழியின்மையால் எழுப்பப்படுவது வேறு.

ஆயினும் கருவியைப் பெற்றதோடு கடமை முடிந்ததென ஊர் ஒதுங்கிவிடலாகாது. 1990 இன் பின்னர்க் குடாநாடு மின்சாரமிழந்து, சாம் போத்தல் விளக்கில் வாழ்ந்தபோது, தடைசெய்யப்பட்ட பொருள்களுள் மின்கலங்களும் அடங்கின. ஒளிரும் மணிக்கூடோ அதிரும் மணிக்கூடோ அன்று கையிலிருந்தும் உயிரற்றதே. அதைவிடக் கொடியது, விமானத்தின் இரைச்சலும் எறிகணையின் சீற்றமுமே பதுங்குகுழிக்கு ஓடுவதற்கான அறிவிப்பாக இருந்தமை. செவிப்புலனற்றவரின் உயிர், அயலில் உறங்கியவர் மறவாதிருந்ததில் தங்கியது.

2004 டிசம்பர் 26 இல் வடமராட்சி கிழக்கைத் தாக்கிய ஆழிப்பேரலை பகலில் வந்தது. அடுத்தது நள்ளிரவில் வரலாம். அதன் பின்னர் இலங்கைக் கரையோரங்களில் எழுப்பப்பட்ட எச்சரிக்கைக் கோபுரங்கள் ஒலியினாலேயே பேசும்படி அமைக்கப்பட்டன. 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம் மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளை ஏற்றது. 2016 இல் நாடு ஏற்றுறுதி செய்த ஐக்கிய நாடுகள் சமவாயத்தின் 11 ஆம் உறுப்புரை, இடர்க்காலத்தில் அவர்களின் பாதுகாப்பை அரசின் பொறுப்பாக்கியது. தலையணையின் கீழுள்ள கருவியோ, உரியவர் குறித்த நேரத்தை மாத்திரமே அறியும். கடல் எழும் நேரத்தை எவரேனும் அதற்கு அறிவித்தாக வேண்டும். மணற்காட்டிலோ மருதங்கேணியிலோ செவிப்புலனற்ற ஒருவர் தனித்துறங்கும் வீடு எது என்பது கிராம அலுவலரின் பதிவேட்டில் உண்டா என்ற வினாவை இனியேனும் கேட்டாக வேண்டும்.